இலைக்கு ஒரு வடை

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து பத்து வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டால் வீடே பூரித்துப்போகும். வந்த விருந்தாளிக்குச் சொல்லிக் காட்டச் சொல்வோம், போனில் தாத்தாவுக்குச் சொல்லச் சொல்வோம். அதே குழந்தையின் முன்னால் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையைக் கொட்டி, "எனக்கு அஞ்சு கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணாமல் அள்ளிக் கொடுத்துவிடும். "அஞ்சு இருக்கான்னு எண்ணிப் பாரு கண்ணு" என்றால், ஒவ்வொன்றாகத் தொட்டு அழகாக எண்ணும். ஏழில் வந்து நிற்கும். "அப்ப இது அஞ்சா?" என்று கேட்டால் "ஆமா" என்று தலையாட்டும்.

குழந்தை ஏமாற்றவும் இல்லை, கவனம் சிதறவும் இல்லை. எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. 'ஐந்து' என்பது எவ்வளவு என்று தெரிந்திருப்பது இன்னொரு திறமை. முன்னது காதால் கேட்டுக் கேட்டே வந்துவிடும். பின்னது வந்துசேர அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கிறது என்பதை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் காட்டினார். அவர் கையாண்ட சோதனை மேலே சொன்ன மாதிரிதான்: சிறு பொம்மைகளைக் குவித்துவைத்து, இத்தனை கொடு என்று கேட்பது. இரண்டரை வயதுவாக்கில் பல குழந்தைகளுக்கு 'ஒன்று' மட்டுமே திட்டமாகத் தெரிந்திருந்தது. ஒன்று கேட்டால் ஒன்று. இரண்டோ ஐந்தோ எதைக் கேட்டாலும் ஒரு கை. சில மாதங்களில் இரண்டு பிடிபட்டது, பிறகு மூன்று. அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணினால் மொத்தம் தெரிந்துவிடும் என்ற சூட்சுமம் பிடிபட்டதும், தனக்கு எண்ணத் தெரிந்த அளவுவரை எத்தனை கேட்டாலும் குழந்தை எண்ணித் தந்தது.

இந்தச் சூட்சுமம் பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை. நமக்கு எண்ணுவது ஒரே செயல். ராக்கெல் கெல்மனும் சி. ஆர். கேலிஸ்டலும் 1978இல் வெளியிட்ட நூலில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான். எதையும் விட்டுவிடக் கூடாது, எதையும் இரண்டு தடவை தொடவும் கூடாது. எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். கொட்டையானாலும் கைதட்டலானாலும் எதையும் எண்ணலாம். இடப்பக்கம் தொடங்கினாலும் வலப்பக்கம் தொடங்கினாலும் விடை ஒன்றே. இவற்றில் மூன்றாவதான, கடைசி எண்ணே மொத்தம் என்ற விதிதான் பிள்ளைகளுக்கு மலையாக நிற்கிறது. 'ஏழு' என்ற சொல் கடைசியாகத் தொட்ட கொட்டையின் பெயர் இல்லை, எல்லாக் கொட்டைகளுக்கும் சேர்த்துச் சொல்லும் அளவு என்பதை மூன்று வயதுக்கு வார்த்தையால் விளக்க முடியாது. விளக்கினாலும் ஏறாது.

அந்த இடத்தில்தான் விளையாட்டுக்கு வேலை வருகிறது. எல்லா விளையாட்டும் அந்த வேலையைச் செய்துவிடாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது.

தாளில் அச்சான மாம்பழம்

மழலையர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கருப்பொருள் வைத்துக் கற்பிப்பது இன்று பரவலான வழக்கம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் கருப்பொருள்களை வைத்து அமைந்ததுதான். பழங்கள், விலங்குகள், வாகனங்கள் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, பாட்டு, கதை, படம், எண் எல்லாவற்றையும் அதைச் சுற்றியே நடத்துவது நல்ல வழிதான். சிறு பிள்ளைகளுக்கு உலகம் பாடவேளைகளாகப் பிரிந்து கிடப்பதில்லை.

ஆனால் எண்ணுக்கு வரும்போது பல இடங்களில் கருப்பொருள் வெறும் வண்ணப்பூச்சாக நின்றுவிடுகிறது. பழங்கள் நடக்கும் நாட்களில் தாளில் ஐந்து மாம்பழம் அச்சாகியிருக்கும். எண்ணிப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். மாம்பழத்தை எடுத்துவிட்டுப் பந்தை வரைந்தாலும் அந்தப் பயிற்சியில் ஒன்றும் மாறாது. அந்த மாம்பழத்தை யாரும் வாங்கவில்லை, பங்கு போடவில்லை, ஒன்று குறைகிறதே என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. தப்பாக எண்ணினால் கதையில் எதுவும் கெடுவதில்லை. டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார், அவ்வளவுதான். விடை சரியா என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைக்கு டீச்சரின் முகத்தைத் தவிர வேறு இடம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் ஏற்பாட்டைப் பிரான்சின் கணிதக் கல்வியாளர் கி புரூசோ செய்து காட்டினார். போர்தோ நகரை ஒட்டிய தாலான்ஸ் என்ற ஊரில் ஒரு பள்ளியை மையமாக வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் அவர். கணிதக் கல்வி ஆய்வுக்கான ஃபெலிக்ஸ் க்ளைன் பதக்கம் 2003இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. அவருடைய ஏற்பாடு மிக எளிது. மேசைமேல் சில வண்ணக் கிண்ணங்கள். தூரிகைகள் தள்ளி வேறோர் இடத்தில். கிண்ணத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கூடாமல் குறையாமல், ஒரே நடையில் தூரிகைகளை எடுத்துவர வேண்டும். 'எண்ணு' என்று யாரும் சொல்வதில்லை. கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அவை எத்தனை என்பதை மட்டும் எப்படியாவது மனதில் எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். அந்தச் சங்கடத்துக்குத் தீர்வாகத்தான் எண் பிள்ளையின் கைக்கு வருகிறது.

இதையே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதையாக மாற்ற வேண்டுமானால், பந்தியைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

பந்தி

கல்யாணப் பந்தியைப் பிள்ளைகள் நன்றாகப் பார்த்திருப்பார்கள். இலை போடுவார்கள், தண்ணீர் வைப்பார்கள், ஒவ்வொரு இலையாகக் குனிந்து பரிமாறிக்கொண்டே போவார்கள். யாருக்காவது விட்டுப்போனால் "இங்க வடை வரல" என்று குரல் வரும். விதிகள் முன்பே தெரிந்த விளையாட்டு இது. சில பொம்மைகள், கொஞ்சம் சொப்புச் சாமான், வாழை இலைக்குப் பூவரச இலை, வடைக்குச் சோடா மூடி. காசு செலவில்லை.

முதல் சில நாட்கள் வடைத் தட்டு பந்திக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளை ஒரு வடையை எடுத்து ஓர் இலையில் வைக்கும், அடுத்ததை அடுத்த இலையில் வைக்கும். இதற்கு எண் தேவைப்படாது. ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் மட்டும் கைக்குப் பழகும். வேகத்தில் ஒரே இலையில் இரண்டு விழும். ஓர் இலை வெறுமனே கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையே அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

அது பழகிய பிறகு சமையற்கட்டை வராந்தாவின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரே நடையில், பந்தியில் இருப்பவர்களுக்குச் சரியாக வடை கொண்டு வர வேண்டும். முதல் தடவை ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரும். ஆறு பேருக்கும் பரிமாறிய பிறகு தட்டில் மூன்று கிடக்கும்.

"டீச்சர், வடை மிஞ்சிருச்சு."

"ஆறிப் போயிருமே! அடுத்த பந்திக்கு மிஞ்சாம கொண்டு வரியா பாப்பா?"

அடுத்த தடவை ஜாக்கிரதையாகக் கொஞ்சமாக எடுத்துவரும். கடைசிப் பொம்மைக்கு வடை இருக்காது. அடுத்த நடையிலோ, மறுநாளோ, அடுத்த வாரமோ, புறப்படுவதற்கு முன் அந்தப் பிள்ளை பொம்மைகளுக்கு எதிரே நின்று விரலை நீட்டி எண்ணும். பிறகு "ஆறு, ஆறு, ஆறு" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே சமையற்கட்டுக்கு ஓடும். டீச்சர் காத்திருக்க வேண்டியது அந்த முணுமுணுப்புக்குத்தான். பொம்மைகளை எண்ணியபோது கடைசியில் சொன்ன சொல், பொம்மைகளைவிட்டுக் கழன்று வராந்தாவைக் கடந்து போய், வேறொரு குவியலில் உள்ள மூடிகளை அளக்கிறது. கெல்மன் சொன்ன மூன்றாவது விதி விளக்கமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

இங்கே தவறு எங்கே என்று காட்டிக் கொடுப்பது இலைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். டீச்சர் 'தப்பு' என்று சொல்லத் தேவையே வரவில்லை. தப்பு என்று கேட்டுக் கேட்டுச் சுருங்கிப்போய், ஆறு வயதிலேயே 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இலை சொல்லியிருக்க வேண்டியதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டோமே என்று எனக்கு மனம் கனக்கும்.

அடுத்த படியில் சமையற்கட்டுக்கு இன்னொரு பிள்ளை போகட்டும். இப்போது வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "மாஸ்டர், ஆறு வடை குடுங்க." மாஸ்டர் எண்ணித் தர வேண்டும். வாக்குவாதம் வரும். "நீ அஞ்சுதான் குடுத்த." "இல்ல, ஆறு குடுத்தேன்." இருவரும் தரையில் உட்கார்ந்து தட்டைக் கவிழ்த்து எண்ணுவார்கள். பெரியவர்கள் இந்தச் சண்டையில் நடுவர் வேலை பார்க்காமல் இருந்தாலே போதும்.

கதை வளர வளரக் கணக்கும் வளரும். ஆறு பேர் உட்கார்ந்த பந்தியில் "ஊர்லேருந்து மாமாவும் அத்தையும் வந்துட்டாங்க" என்றால், சில பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். சிலர் "ஏழு, எட்டு" என்று மேலே எண்ணிக்கொண்டு போவார்கள். இரண்டாவது வழி கூட்டலின் வாசல். "பாட்டிக்குப் பல்லு இல்ல, வடை வேண்டாமாம்" என்றால் ஒன்று குறையும். அப்பளம் ஆளுக்கு இரண்டு என்றால் இரண்டிரண்டாக எண்ணும் பழக்கம் வரும். பாயசம் தீர்ந்துபோனால் தம்ளரில் இருப்பது பூஜ்யம். பூஜ்யத்தைப் பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுக் காட்டுவதற்கு மரியா மாண்டிசோரி தன் கதிர்ப்பெட்டியில் ஒரு தனி அறையையே ஒதுக்கினார். 0 முதல் 9 வரை எண் எழுதிய பத்து அறைகளில் 45 மரக்கதிர்களை அந்தந்த எண்ணுக்குரிய அளவு போட வேண்டும். 0 எழுதிய அறை காலியாக நிற்கும்.

மாண்டிசோரிக்குப் பாசாங்கு விளையாட்டில் அவ்வளவு பிரியமில்லை. 1907இல் ரோம் நகரில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகள் நிஜ மேசையில் நிஜத் தட்டு வைத்து நிஜ உணவைப் பரிமாறினார்கள். 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதும் அவருடைய கொள்கை அதுவே. மதியச் சாப்பாட்டுக்கு முன் தட்டு எடுத்து வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடும் அங்கன்வாடியில் அவர் விரும்பியது நடக்கிறது. நான் இரண்டையுமே வைத்துக்கொள்வேன். நிஜச் சாப்பாட்டில் வருகிறவர்களின் எண்ணிக்கையை நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. பொம்மைப் பந்தியில் மாமாவை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

இந்த விளையாட்டின்போது பெரியவர்கள் பேசும் பேச்சுக்கும் பங்கு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவைன் குழுவினர் 44 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோர் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம். அத்தனை நேரத்தில் ஒரு வீட்டில் எண்ணுச் சொற்கள் மொத்தம் 4 தடவை வந்தன, இன்னொரு வீட்டில் 257 தடவை. எண்ணைப் பற்றி அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் அளவை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அடுத்து வந்த ஆய்வில், வெறுமனே எண் சொல்வதைவிட, கண்ணெதிரே இருக்கும் பொருட்களை, அதிலும் நான்கு முதல் பத்து வரையான கூட்டங்களை, எண்ணிப் பேசுவதே பலன் தந்தது தெரிந்தது. கெல்லி மிக்ஸ் என்பவரின் ஆய்வு இன்னும் நுட்பமானது: மொத்தத்தைச் சொல்லி உடனே எண்ணிக் காட்டினால்தான் மூன்றரை வயதுக்காரர்களுக்குப் பிடிபடுகிறது. "தட்டுல ஆறு வடை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." இவ்வளவுதான், எந்த அம்மாவும் ஆயாவும் சமைத்துக்கொண்டே செய்யக்கூடியது.

பந்தி ஒன்றே கதி என்று சொல்ல வரவில்லை. நெதர்லாந்தில் பேருந்தை வைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்கள்: நிறுத்தத்தில் சிலர் ஏறுகிறார்கள், சிலர் இறங்குகிறார்கள், இப்போது வண்டியில் எத்தனை பேர்? நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒரு விசிலும் டிக்கெட் கிழிக்கக் கொஞ்சம் பழைய காகிதமும் கொடுத்தால் நம் ஊர் டவுன் பஸ்ஸும் ஓடும். டிக்கெட் எண்ணிக்கையும் தலை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்று செக்கர் ஏறிவிட்டால், எண் அங்கேயும் அலங்காரமாக இருக்க முடியாது.

குறும்புக் கரடி

ஜெனீவாவில் ழான் பியாஜே, அலினா ஷெமின்ஸ்காவுடன் சேர்ந்து 1941இல் வெளியிட்ட நூலில் ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. இரண்டு வரிசைகளில் சமமாகப் பொருட்களை அடுக்கி, சமமா என்று கேட்கிறார்கள். சமம் என்கிறது பிள்ளை. பெரியவர் ஒரு வரிசையை அகல விரித்துவிட்டு மறுபடியும் கேட்கிறார். நீண்ட வரிசையில் அதிகம் என்கிறது பிள்ளை. ஆறேழு வயதுவரை குழந்தைகளுக்கு எண்ணிக்கை மாறாது என்பது புரிவதில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டினார்கள்.

எடின்பரோவில் ஜேம்ஸ் மக்காரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் 1974இல் இதே சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். பெரியவர் கை வைக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டது. நான்கு முதல் ஆறு வயதான 80 பிள்ளைகளில், பெரியவர் கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் சிலரே. கரடி கலைத்தபோது பெரும்பாலோர் சமம்தான் என்று சரியாகச் சொன்னார்கள். டொனால்ட்சன் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மரியாதைக்குரிய ஒரு பெரியவர் வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், விடையும் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் போலும் என்றே பிள்ளை நினைக்கும். கரடி செய்தால் அது விஷமம். கேள்விக்கு நேரான அர்த்தம் வந்துவிடுகிறது.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. கரடியின் கூத்தைப் பார்த்த சுவாரசியத்தில் பிள்ளைகள் வரிசை மாறியதையே கவனித்திருக்க மாட்டார்கள் என்றார்கள். அந்த ஐயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பொம்மை அழகாக இருந்தால் எண் பின்னால் போய்விடும் என்பதற்கு வேறு சான்றுகளும் இருக்கின்றன. லோரி பீட்டர்சனும் நிகோல் மக்னீலும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த, வண்ணமயமான பொம்மைகளை எண்ணச் சொன்னபோது முன்பள்ளிப் பிள்ளைகள் தடுமாறினார்கள். விலங்குப் பொம்மை கைக்கு வந்தால் அதை ஓட வைக்கத்தான் தோன்றும், எண்ணத் தோன்றாது. வேறு எந்த வேலையும் பழகியிராத பொருள்களில் பளபளப்பு கெடுதல் செய்யவில்லை, கவனத்தைப் பிடித்து நிறுத்த உதவவே செய்தது. ஜூடி டிலோச் என்பவர் வேறொரு சோதனையில் கண்டதும் இதன் உறவுதான்: ஓர் அறையின் சிறு மாதிரியைக் காட்டி, அதை வைத்து நிஜ அறையில் ஒளித்த பொம்மையைத் தேடச் சொன்னபோது, மாதிரியோடு முதலில் விளையாட விடப்பட்ட மூன்று வயதுக்காரர்கள் மோசமாகச் செய்தார்கள். விளையாட்டுச் சாமானாகிவிட்ட ஒன்றை இன்னொன்றின் அடையாளமாகப் பார்ப்பது கடினமாகிவிட்டது.

ஆகவே சோடா மூடியை வடை என்று வைத்தது வெறும் சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் வடை, மசால் தோசை, இட்லி எல்லாம் அச்சு அசலாக இருக்கும்; பிள்ளை அதைக் கடிக்கும், பொம்மைக்கு ஊட்டும், பிய்த்துப் பார்க்கும். கதை கண்ணைப் பறிக்கலாம், எண்ண வேண்டிய பொருள் சாதாரணமாக இருக்க வேண்டும். புளியங்கொட்டை, சோழி, மூடி, கூழாங்கல் போதும்.

கட்டமும் குழியும்

சில விளையாட்டுகளில் கதை குறைவு, எண் அதிகம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்ளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் முக்கியமானது. வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 124 அமெரிக்க முன்பள்ளிப் பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் எழுதிய கட்டங்கள். மற்றவர்களுக்கு அதே கட்டங்கள், எண்ணுக்குப் பதில் வண்ணம். சுழற்றினால் ஒன்றோ இரண்டோ விழும். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். எண் கட்டத்தில் ஆடியவர்கள் எது பெரிய எண் என்று ஒப்பிடுவதிலும், எண்ணுவதிலும், எண் வடிவத்தை அடையாளம் காண்பதிலும், கோட்டில் எண்ணின் இடத்தைக் குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது குறையவில்லை. வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களிடம் இந்த முன்னேற்றம் இல்லை. மறுஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வட்டமாக அமைந்த பலகையைவிட நேர்க்கோட்டுப் பலகையே அதிகம் உதவியது.

அதில் ஒரு சின்ன விதியைத் தவற விடக்கூடாது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகரக் கூடாது. "நாலு, அஞ்சு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லி நகர வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்ளரும் 2014இல் நூறு கட்டப் பலகையில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்ந்தவர்களே அதிகம் கற்றார்கள். நம் வீடுகளில் பரமபதம் ஆடும்போது நாம் ஒன்று, இரண்டு என்றுதான் காயை நகர்த்துகிறோம். அதை மாற்றிக்கொள்ள எந்தச் செலவும் இல்லை. நாலு வயதுக்குப் பரமபதத்தின் வளைந்து வளைந்து ஏறும் வரிசைகள் குழப்பும் என்பதால், முதலில் தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் ஒரே வரிசையாகப் போட்டு, பிள்ளையையே காயாக நிற்க வைப்பேன்.

பல்லாங்குழிக்கு வயது கொஞ்சம் ஏற வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து காய்கள். ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது வடை பரிமாறும் அதே பொருத்தம்தான். ஒரு குழியில் காய்கள் நான்காகச் சேர்ந்ததும் அது 'பசு'. அந்தக் குழிக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கொண்டிருந்தால் பசு போய்விடும். பார்த்தவுடன் தெரிய வேண்டும். எண்ணாமல் ஒரே பார்வையில் அளவைச் சொல்லும் இந்தத் திறனுக்கு உளவியலில் 1949இல் தனிப் பெயரே வைத்தார்கள். பெரியவர்களுக்கும் அது ஏறத்தாழ நான்கோடு நின்றுவிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு மூன்றே பெரிது. பசுவுக்குக் கண் வைத்துக் காத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை அந்த எல்லையின் மேல்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது.

தாளுக்குப் போகும் வழி

இத்தனை சொன்ன பிறகு டெல்லியில் கிடைத்த ஒரு முடிவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கே, மொய்ரா டில்லன் முதலியோர் பிரதம் அமைப்பின் 214 முன்பள்ளிகளில் 1,540 பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனையை 2017இல் வெளியிட்டார்கள். நான்கு மாதங்கள் எண், வடிவம் சார்ந்த விளையாட்டுகள். உத்தேசமாக அளவை ஒப்பிடும் திறன் நன்றாகக் கூடியது, நீண்ட காலம் நிலைத்தும் நின்றது. எண் குறியீடுகளிலும் முதலில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் முதல் வகுப்பில் பள்ளிக் கணக்கைக் கற்றபோது மற்றப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு எந்த அனுகூலமும் இருக்கவில்லை. டுஃப்லோவும் ஸ்பெல்கேயும் இடம்பெற்ற குழு 2025இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு அதே சுவரை வேறு பக்கத்திலிருந்து தொட்டது: கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் சிக்கலான விலைக் கணக்கை மனதிலேயே போட்டார்கள், அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் திணறினார்கள்.

விளையாட்டு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். விளையாட்டிலிருந்து தாளுக்குத் தானாக யாரும் நடந்து போய்விட மாட்டார்கள், அந்த வழியையும் விளையாட்டுக்குள்ளேயே வெட்ட வேண்டும் என்று கொள்வேன். எப்படி வெட்டுவது என்பதற்கு எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் ஆடிய டப்பா ஆட்டம் ஒரு குறிப்புத் தருகிறது. மூடியிட்ட நான்கு டப்பாக்கள். ஒன்றில் மூன்று கட்டைகள், ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று, ஒன்றில் எதுவுமில்லை. இடம் மாற்றிவைத்துவிட்டு எது எந்த டப்பா என்று கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். பிறகு மூடிமேல் ஒட்டக் காகிதமும் பென்சிலும் கொடுத்து, தெரிந்துகொள்ள உதவியாக ஏதாவது போட்டுவைக்கச் சொன்னார். பள்ளிக்கே போகாத பிள்ளைகள்கூட எழுதினார்கள். சிலர் கோடு கிழித்தார்கள், சிலர் கட்டையை வரைந்தார்கள், சிலர் எண் எழுதினார்கள். காலி டப்பாவின் காகிதத்தைச் சிலர் வெறுமனே விட்டார்கள். தாங்கள் போட்ட குறியைப் பார்த்து டப்பாவைச் சரியாகவும் எடுத்தார்கள். ஹியூஸ் 1986இல் இதை ஒரு நூலாக எழுதினார்.

நம் பந்தியில் இதற்கு இடம் தயாராக இருக்கிறது. மாஸ்டரிடம் வாயால் கேட்டது போதும், இன்று சமையற்கட்டில் ஒரே சத்தம், அவருக்குக் காது கேட்கவில்லை. சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஆறு பேருக்கு ஆறு வட்டம் வரைந்து பிள்ளை அனுப்பும். மாஸ்டர் வட்டத்துக்கு ஒரு மூடி வைத்து எடுத்துக் கொடுப்பார். சிலர் பொம்மைகளையே மூக்கு முழியோடு வரைய ஆரம்பித்து, மூன்றாவது பொம்மையிலேயே பந்தியை மறந்துவிடுவார்கள், அதுவும் நடக்கட்டும். பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்து ஒன்பது பேராகிவிட வேண்டும். ஒன்பது வட்டம் போட நேரமாகும், நடுவில் ஒன்று விட்டுப்போகும், மாஸ்டரும் எண்ணி எண்ணிச் சலித்துப்போவார். சுவரில் மாட்டிய எண் அட்டையில் இருக்கும் 9 என்ற வடிவத்தை டீச்சர் அப்போது எடுத்துக் காட்டலாம். சில வாரங்கள் சீட்டில் வட்டங்களும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வட்டங்களை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. வட்டம் போட்டுக் கை வலித்தவர்கள் முதலில் விடுவார்கள். மாஸ்டருக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு வைத்துக்கொண்டு மற்றவர்கள் விடுவார்கள்.